அல்லி திரும்பி வந்த தெரு

அந்த நகரத்து மெட்ரோவுக்கு ஏழு கட்டம் உண்டு என்றும், ஏழும் வெளிநாட்டு நிபுணர்கள் வந்து ஆற அமர யோசித்துப் போட்ட திட்டம் என்றும் வழவழப்பான தாளில் ஒரு புத்தகம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அதில் எண்பத்திரண்டு பக்கம் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, பெரிய மனிதர்கள் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கிற படம் பதினாறு இருக்கிறது, ஜெராக்ஸ் கடை பூங்காவனத்தின் பெயர் மட்டும் தேடினாலும் கிடைக்காது. சாயக்காரத் தெருவில் யாரையாவது நிறுத்திக் கேளுங்கள், புத்தகமாவது மண்ணாவது என்பார்கள். பூமிக்கு அடியில் இத்தனை பாதை வந்ததற்கு ஒரே காரணம் பூங்காவனத்தின் வாய்தான் என்பார்கள்.

அவளுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம். தெருவின் நட்டநடுவில் எட்டுக்குப் பத்து கடை, அதற்குள் ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பூங்காவனம் லேமினேஷன் போட்டால் வலது மூலையில் ஒரு காற்றுக் குமிழ் கட்டாயம் விழும். தெருவில் அத்தனை பேர் ஜாதகமும் சர்ட்டிபிகேட்டும் அந்தக் குமிழோடுதான் இருந்தன, குமிழ் இல்லாவிட்டால் அது போலி என்றே நினைத்துவிடுவார்கள்.

மெட்ரோக்காரர்கள் வந்தார்கள். அவள் கடைக்கு நேர் எதிரே நீலத் தகரம் அடித்தார்கள், ஆறு மாடி ஆழத்துக்குக் குழி வெட்டினார்கள், எழுநூறு டன் எடையில் சுரங்கம் குடையும் இயந்திரம் ஒன்றைத் துண்டு துண்டாகக் கிரேனில் இறக்கிக் கீழே வைத்துப் பூட்டினார்கள். அதற்கு அல்லி என்று பெயர். இந்த மாதிரி இயந்திரத்துக்குப் பெண் பெயர் வைப்பதுதான் உலக வழக்கமாம். இரவும் பகலும் இருட்டில் வேலை செய்யவேண்டியது எதுவோ அதற்குப் பெண் பெயர் வைப்பார்கள் போலிருக்கிறது. அல்லிக்குப் பின்னால் போகத் தெரியாது, முன்னால் மட்டும்தான் போகும், போய்ச் சேர்ந்த இடத்தில் அவிழ்த்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று சைட் இன்ஜினியர் தணிகைவேல் தெருவுக்கு விளக்கம் சொன்னார்.

துவக்க விழாவில் பொதுமக்கள் சார்பாக ஒருவர் நாலு வார்த்தை நன்றி சொல்லவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. தெருவில் நன்றி சொல்லும் மனநிலையில் யாரும் இல்லை. அழைப்பிதழை லேமினேட் பண்ண வந்த தணிகைவேல், கடையில் உட்கார்ந்திருந்த பூங்காவனத்தையே பிடித்து நாலு வரி எழுதிக் கொடுத்து மேடையேற்றிவிட்டார். பூசணிக்காய் உடைந்தது, எலுமிச்சம்பழம் நசுங்கியது, கீழே அல்லியின் முகம் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. மைக்கைப் பிடித்த பூங்காவனம் காகிதத்தைப் பார்த்தாள், கண்ணாடியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெண் பெயருள்ள ஒன்று இத்தனை பேர் பார்க்கப் புறப்படுகிறது, ஏதாவது சொல்லி அனுப்ப வேண்டுமே. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"நல்லபடியா போயிட்டு வாம்மா."

இதில் என்ன தப்பு? வாசலைத் தாண்டுகிற யாரைப் பார்த்தும் நம் ஊரில் வெறுமனே 'போ' என்று சொல்வதில்லை. பால்காரர் சைக்கிளை எடுத்தாலும், ஆகாத நாத்தனார் மூட்டையைக் கட்டினாலும், போயிட்டு வா என்றுதான் வரும். வெளிநாட்டிலிருந்து வந்த இயந்திரத்துக்கு அது வெறும் வாய்ப்பழக்கம் என்று எப்படித் தெரியும்? சொன்னதை அது உத்தரவாக எடுத்துக்கொண்டுவிட்டது.

பதினெட்டு மாதம் குடைந்து அல்லி கோட்டைமேட்டில் போய் வெளியே வந்தது. அவிழ்த்தார்கள், எண்ணெய் போட்டார்கள், யார்டில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால் தார்ப்பாய் மட்டும் இருந்தது. காவலாளிக்கு மெமோ கொடுத்தார்கள், எழுநூறு டன் எப்படிக் காணாமல் போயிற்று என்று மூன்று நாளைக்குள் எழுத்து மூலம் பதில் தரவேண்டும் என்று. அதற்கப்புறம் பதினோரு மாதம் ஒரு தகவலும் இல்லை. ஒரு நாள் காலை பத்தே முக்காலுக்கு டீக்கடை சாதிக் பாயின் கண்ணாடி டம்ளர்கள் எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ள, பூங்காவனத்தின் ஜெராக்ஸ் மெஷின் தானாக நாலு வெள்ளைத் தாளைத் துப்ப, எதிர்க்குழியின் வடக்குச் சுவர் உடைந்து, நெற்றி நிறையச் செம்மண்ணோடு அல்லி எட்டிப் பார்த்தது. உள்ளே ஓட்டுகிற ஆள் யாரும் இல்லை.

தெரு அசந்துபோயிற்று என்று நினைக்காதீர்கள். வரச் சொன்னார்கள், வந்துவிட்டது, அவ்வளவுதான். தகரத்துக்கு இந்தப் பக்கம் கூடின பெண்கள், இவ்வளவு தூரம் வந்தது தண்ணீர் குடித்ததோ என்னவோ என்று குழாயடியிலிருந்து நாலு குடம் கொண்டுபோய் மேலேயிருந்து ஊற்றினார்கள். எதிர்வீட்டு மங்கையர்க்கரசிக்கு மட்டும்தான் கோபம், அதுவும் இயந்திரத்தின் மேல் இல்லை. தெருவைக் கேட்காமல் ஒருத்தி எப்படி ஒரு பொருளைத் திரும்பி வரச் சொல்லலாம், வந்தால் எங்கே நிறுத்துவது, இனி தகரத்தை எடுப்பார்களா மாட்டார்களா என்று அவள் அன்றைக்கும் கேட்டாள், அப்புறமும் கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

தணிகைவேல் டார்ச் எடுத்துக்கொண்டு உள்ளே நடந்து பார்த்தார். துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு புத்தம்புது வழி. சுவரில் கான்கிரீட் வளையம் ஒன்றுகூடப் பிசகாமல் மாட்டியிருந்தது. அந்த வளையங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் அதற்கு ஒரு ஃபைல் திறக்கவேண்டும். ஃபைல் திறந்தால் யாராவது கையெழுத்துப் போடவேண்டும். ஆகவே யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவர் ஒரு வரைபடத்தோடு கடைக்கு வந்து நாற்பது காப்பி எடுக்கச் சொன்னார். 'இரண்டாம் கட்ட விரிவாக்கம்' என்று தலைப்பு, தேதி மட்டும் மூன்று வருஷத்துக்கு முந்தியது. பூங்காவனம் தேதியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு காப்பி எடுத்தாள். இந்த நகரத்தில் மெட்ரோ எங்கே போகிறது என்பது முதலில் அவளுக்குத்தான் தெரியும், அப்புறம்தான் மந்திரிக்கு.

திரும்பவும் அல்லியை அனுப்பப் பார்த்தார்கள். மூன்று வாரம் அது அசையவில்லை. வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து ஸ்க்ரூ ஸ்க்ரூவாகப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கடைசியில் தணிகைவேல் தயங்கித் தயங்கிக் கடை வாசலில் வந்து நின்றார், அவள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து குழியோரத்தில் நின்று, போயிட்டு வா என்றாள். உடனே போயிற்று. ஏரிப் பக்கம் போய் மார்க்கெட் பக்கமாக வந்தது, விமான நிலையம் போய்ப் பழைய சிறைச்சாலைக்கு அடியில் வந்தது, மூன்றாம் கட்டம், நான்காம் கட்டம், ஐந்து, ஆறு என்று கட்டங்கள் பெருகின, ஒவ்வொன்றுக்கும் ரிப்பன் வெட்டினார்கள், வேற்று நகரத்து மேயர்கள் வந்து பார்த்து இவ்வளவு வேகமாக எப்படி என்று வியந்தார்கள், திட்டமிடல்தான் என்று இவர்கள் அடக்கமாகச் சொன்னார்கள்.

நகரம் முழுக்க வேகமாயிற்று, சாயக்காரத் தெரு மட்டும் அப்படியே நின்றது. எந்தப் பக்கம் போனாலும் அல்லி திரும்பி வருவது இங்கேதானே, அதனால் தகரத்தை எடுக்க வழியே இல்லாமல் போயிற்று. தெருவுக்கு மிச்சம் இருந்தது சுவரோரமாக ஒரு ஆள் போகிற சந்து. அதில்தான் மாப்பிள்ளை அழைப்பு ஒற்றை வரிசையில் வந்தது, அதில்தான் பாடை செங்குத்தாகப் போயிற்று. பெண் பார்க்க வந்தவர்கள் சந்தில் பாதி தூரம் வந்துவிட்டு, இங்கேயிருந்து சீர் சாமான் எப்படி வெளியே வரும் என்று கேட்டுத் திரும்பிப் போனார்கள். தெரு வழியாகப் போய்க்கொண்டிருந்த நாற்பத்தொன்பதாம் நம்பர் பஸ்ஸை நிறுத்தி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

பஸ் நின்றதில் எல்லாருக்கும் கஷ்டம், பூங்காவனத்துக்கு மட்டும் ஒரு சௌகரியம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவளுக்கு ஒரே மகள், இந்துமதி. ஜெராக்ஸ் மெஷினைச் சரிபார்க்க ரெஜினால்டு என்று ஒரு மெக்கானிக் வந்துகொண்டிருந்தான். மெஷின் நன்றாக ஓடுகிற வாரத்திலும் வந்தான், ரிப்பேர் என்று இந்துமதியே போன் போட்டுச் சொல்லியிருப்பாள். தெரு முழுக்கத் தெரிந்தபிறகுதான் தாய்க்குத் தெரிந்தது. கல்யாணம் என்று மகள் வந்து நின்றபோது பூங்காவனம் கத்தவில்லை, அழவில்லை, பில் புக்கிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "போ" என்றாள். அந்த ஒரு எழுத்து. எதிரி வீட்டு ஆளுக்குக்கூடச் சொல்லாததைப் பெற்ற மகளுக்குச் சொன்னாள். இந்துமதி போனாள், வரவில்லை. அவள் போனது ஒன்றும் அமெரிக்கா இல்லை, ஏரிமேடு. நாற்பத்தொன்பதில் ஏறினால் ஐம்பது நிமிஷம். முதல் இரண்டு வருஷம் பஸ் கடை வாசலிலேயே நின்று நின்று போயிற்று, இவள் ஏறவில்லை. அப்புறம் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், போவதற்கு வழி எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள வசதியாயிற்று.

தகரம் அடித்த பதினோராவது வருஷம் தெரு கூடிவிட்டது. சாதிக் பாய் கடையில் கூடி ஒரே முடிவாகச் சொன்னார்கள்: வரச் சொன்னவள் வாயாலேயே வராதே என்று சொல்லவேண்டும். மெட்ரோ ஆபீஸும் அதையே சொன்னது, நகரத்துக்கு அடியில் இனி குடைய இடம் இல்லை, வரைபடம் சல்லடை ஆகிவிட்டது. வேறொன்றும் வேண்டாம் அம்மா, 'போ' என்று ஒரு வார்த்தை, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார் தணிகைவேல். பூங்காவனம் ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டாள். இரண்டு நாள் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மங்கையர்க்கரசி வந்து ஷட்டரைத் தட்டினாள். இத்தனை வருஷமாகச் சண்டை போட்டவள், உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டுக் கட்டில் வெளியே போகாது, என் மகளுக்கு முப்பத்திரண்டு வயது ஆகிறது, நீ ஒரு வார்த்தை சொன்னால் உனக்கு என்ன குறைந்துபோகும் என்று கேட்டாள், குரலை உயர்த்தாமல் கேட்டாள். பூங்காவனத்துக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒருத்திக்கு அதைச் சொல்லிட்டேன் அரசி. சொன்னா அப்படியே நடந்துடுதுடி. மறுபடியும் என் வாயால அதைச் சொல்ல முடியாது."

மங்கையர்க்கரசி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, இந்துவுக்கு நீ சீர் செய்தாயா என்று கேட்டாள். எங்கே செய்தது, ஒரு குங்குமச் சிமிழ்கூடக் கொடுக்கவில்லை என்றாள் பூங்காவனம். அப்படியானால் இதையே அனுப்பு, சீராகப் போகிற பொருளை யாரும் திரும்பி வரச் சொல்வதில்லையே என்றாள் மங்கையர்க்கரசி.

எழுநூறு டன் எடையில் ஒரு தாய் சீர் அனுப்பியது உலகத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். தெருப்பெண்கள் ஒன்பது தட்டு வைத்தார்கள், புடவை வேட்டி, பழம், மஞ்சள் குங்குமம், பூ, சாதிக் பாய் தன் பங்குக்கு ஒரு தட்டு நிறைய வர்க்கி. சந்து வழியாக ஒற்றை வரிசையில் வந்து, கிரேனில் இறங்கி, அல்லியின் ஆபரேட்டர் சீட்டைச் சுற்றி வரிசையாக வைத்தார்கள். பாதுகாப்பு விதி என்று தணிகைவேல் வாயைத் திறந்தார், பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவர் எல்லாருக்கும் மஞ்சள் தொப்பி எடுத்துக் கொடுத்தார். பூங்காவனம் மகளின் விலாசத்தை எழுதி லேமினேட் பண்ணிச் சீட்டில் கட்டினாள். மூலையில் குமிழ் விழுந்திருந்தது. பிறகு குழியோரம் வந்து நின்றாள், தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

"ஏரிமேடு, கன்னிக்கோயில் ரெண்டாவது சந்து, இந்துமதி வீட்டுக்குப் போ. இனிமே அவகூடவே இரும்மா. அவளைப் பாத்துக்க."

அல்லி போயிற்று. 'வா' என்று ஒரு சத்தம்கூட வரவில்லை என்று எல்லாரும் ஒருவரையொருவர் கேட்டு உறுதி பண்ணிக்கொண்டார்கள். நாற்பது நாள் பார்த்துவிட்டுத் தகரத்தைப் பிடுங்கினார்கள், குழியை மூடினார்கள், தார் போட்டார்கள். மங்கையர்க்கரசி வீட்டுக் கட்டில் வெளியே போயிற்று, அவள் மகளும் மாலையும் கழுத்துமாக வெளியே போனாள். நாற்பத்தொன்பது மறுபடியும் ஓட ஆரம்பித்தது, நாற்பது நிமிஷத்துக்கு ஒன்று, கடை வாசலிலேயே நிறுத்தம்.

பூங்காவனம் ஏறினாளா என்றால் இல்லை. பதினாலு மாதம் பஸ் வந்து வந்து போயிற்று, அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். கண்டக்டர் இரண்டு தடவை, வரீங்களாம்மா என்றுகூடக் கேட்டார். கால் வலி, கரண்ட் வந்ததும் பெரிய ஆர்டர் ஒன்று முடிக்கவேண்டும், நாளைக்கு அஷ்டமி என்று தெருவுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னாள். உண்மை என்னவென்றால் அவளுக்குப் பயம். கதவைத் தட்டி, திறந்து, யார் நீங்க என்று மகள் கேட்டுவிட்டால் அதற்கப்புறம் போய் உட்கார வேறு இடம் இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு டம்ளர்கள் இடித்துக்கொண்டன. சாதிக் பாய் அடுப்பை அணைத்தார். புதுத் தார் நடுவில் விரிசல் விட்டு, பொங்கி, உடைந்தது. மண்ணும் சேறுமாக அல்லி மேலே வந்து நின்றது. தெருவில் கிளம்பிய வசவை இங்கே எழுத முடியாது. அவகூடவே இரு என்றுதானே சொன்னேன் என்று பூங்காவனம் தலையில் கை வைத்துக்கொண்டாள். மங்கையர்க்கரசிதான் முதலில் கிட்டப் போய் உள்ளே பார்த்தாள். பார்த்துவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பி, எல்லாரும் வாயை மூடுங்கள், தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறது என்றாள்.

ஒன்பது தட்டும் விளக்கித் துடைத்து அப்படியே இருந்தது. வந்த தட்டைக் காலியாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லிக் கொடுத்தது, பூங்காவனம்தான். ஒன்றில் வெற்றிலை பாக்கு, ஒன்றில் தேங்காய், ஒன்றில் வீட்டில் சுட்ட முறுக்கு, ஒன்றில் கிறிஸ்துமஸ் கேக், ஒன்றில் ஜெராக்ஸ் மெஷினுக்குப் போடுகிற டோனர் ஒன்று புத்தம்புதிதாக, பெட்டி பிரிக்காமல். சீட்டில் ஒரு கார்டு கட்டியிருந்தது. லேமினேஷன் கண்ணாடி மாதிரி இருந்தது, எந்த மூலையிலும் குமிழ் இல்லை, அது யார் வேலை என்று அவளுக்குத் தெரியும். எழுத்து மகளுடையது.

'அம்மா, தட்டு ஒன்பதும் சரியா இருக்கான்னு பாத்துக்கோ. 49 திரும்ப விட்டிருக்காங்க. எங்க சந்து முனையிலதான் நிக்குது. வா.'

அவள் நாலு தடவை படித்தாள். அதற்குள் தணிகைவேல் வந்துவிட்டார். தலை நரைத்துவிட்டது மனிதருக்கு. சுரங்கத்தை எட்டிப் பார்த்து, போக ஒன்று வர ஒன்று, ஏரிமேட்டு லைனுக்கு இரண்டு குழாயும் தயார், ஏழாம் கட்டம் என்று பெருமூச்சு விட்டார். தேதி என்ன போடுவது என்று யோசிக்கிற முகம் அவருக்கு வந்துவிட்டது. பின்னாலேயே லாரியில் நீலத் தகரம் வந்து இறங்கியது. நாற்பத்தொன்பதை மெயின் ரோட்டிலேயே நிறுத்தியிருக்கிறோம், இந்த ஒரு வண்டிதான், அப்புறம் இந்த லைனில் பஸ் கிடையாது, ரூட் கேன்சல் என்று அவர் யாரிடமோ போனில் சொன்னது பூங்காவனத்தின் காதில் விழுந்தது.

கடையைப் பூட்டவில்லை. செருப்பு போட்டாளா என்பதில் தெருவில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. இரண்டடி ஓடினவள் நின்றாள், திரும்பிக் குழியோரம் வந்தாள், சேறு பூசிய அந்த முகத்தைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்றாள். அப்படி யாரிடமும் சொல்லிக்கொண்டு அவள் கிளம்பி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. தெருவில் அத்தனை பேரும், வாயில் பாதி வசவை வைத்திருந்தவர்கள்கூட, போயிட்டு வா என்றார்கள்.

சொன்னபடி நாலாம் நாள் வந்தாள். பஸ் இல்லாததால் மெயின் ரோட்டில் ஆட்டோவை விட்டு இறங்கி நடந்து வந்தாள், தனியாக வரவில்லை. ரெஜினால்டு சந்தில் நுழைந்ததுமே கடைக்குள் கண்ணை ஓட்டினான்.

"மெஷின் ஓடுதா அத்தை?"

காலையில்தான் மங்கையர்க்கரசி உள்ளே போய் அதில் பத்து காப்பி எடுத்திருந்தாள். பூங்காவனம் கொஞ்சமும் யோசிக்காமல், "ரிப்பேருங்க மாப்பிள்ளை, வந்து பாருங்க" என்றாள்.

கடைசியாக இந்துமதி வந்தாள். பதிமூன்று வருஷத்துக்கு அப்புறம் பிறந்த தெருவுக்குள் வருகிறாள், தகரத்து விளிம்பில் புடவை மாட்டிக்கொண்டது. ஒரு கையால் அதை விடுவித்துக்கொண்டே, கால் நுனியில் நின்று குழியைப் பார்த்தாள், நீலச் சுவரைப் பார்த்தாள், சந்தைப் பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள்.

"என்னம்மா இது, இன்னுமா இந்த மெட்ரோ வேலையை முடிக்கல?"

தெரு மொத்தமும் பூங்காவனத்தைப் பார்த்தது. சாதிக் பாய் உள்ளே போய் நாலு டீ போட ஆரம்பித்தார்.